நடுவயலில் மனோன்மணி

இரண்டாவது தடவையும் அதே கீச்சொலியோடுதான் ஆரம்பித்தது. ஆரம்பித்துவிட்டாலே பாதி முடிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார் வேதரத்தினம். நினைத்த மறுநொடியே அப்படி நினைத்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். சற்றுமுன் முதல் தடவையும் இப்படித்தானே ஆரம்பித்தது. டிவியின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஏறி இறங்கின, சரி, அடுத்து மஞ்சளும் கருநீலமும் வந்துவிடும் என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார், வரவில்லை, நாடாவைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி தன் கடமை முடிந்ததென்று சும்மா இருந்துவிட்டது. பிறகு டேப் ரெக்கார்டரின் மூடியைக் கழற்றி, நாடாவை உரசும் தலைக்குப் பக்கத்திலிருக்கும் குட்டித் திருகாணியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார். காலமெல்லாம் தொழிற்சாலையில் அளவுமானிகளைத் திருப்பிய கை, இந்தத் துளித் திருப்பலுக்கு அரை நிமிஷம் எடுத்துக்கொண்டது. நாடா பழசு. முதல் ஓட்டத்துக்குப் பிறகு பஞ்சால் தலையைத் துடைத்தபோது காபிப்பொடி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டிக்கொண்டு வந்தது என்ன? எந்த எழுத்து, எந்த எண், மனோன்மணி எடுத்து வைத்த எந்த அடி? இன்னொரு ஓட்டம் தாங்கும், அதற்குமேல் தாங்குமா என்று சொல்ல முடியாது. இந்த நாடா ஒழுங்காக ஓடி முடிந்தால் மனோன்மணி எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். ஓடாவிட்டால் அவள் நின்ற இடம் இனி உலகத்தில் யாருக்குமே தெரியாது. அவ்வளவுதான் விஷயம். விளையாட்டுத்தானே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

விளையாட்டுத்தான், யார் இல்லையென்றார்கள். மனோன்மணியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டி இது. ஊரே டூ-இன்-ஒன்னும் நைலக்ஸ் சேலையும் செண்ட் பாட்டிலும் கொண்டுவந்த காலத்தில் அந்த மனிதர் மட்டும் ரப்பர் விசைகள் வைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தார். "எந் தங்கச்சி கணக்கு படிச்சவ மாப்ள. சும்மா சோறாக்கிக்கிட்டு கெடக்கக் கூடாது" என்றார். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, இதில் படம் வராதா, பாட்டு வராதா, அப்புறம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையும் வந்திருந்தது. அதில் விளையாட்டுகளை விளையாட்டாகத் தரமாட்டார்கள், வரிவரியாக அச்சடித்துத் தருவார்கள், நாமே உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டும். இவர் படிப்பார், அவள் அடிப்பாள். "அடைப்புக்குறி" என்பார் இவர். "தொறக்கறதா மூடறதா, ஒழுங்காச் சொல்லுங்க" என்பாள் அவள். கண்ணிவெடி புதைத்த ஒரு வயல், அதை ஒருத்தி நடந்து கடக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. பத்திரிகையில் ஏதோ நீளமான பெயர் போட்டிருந்தது, இவர்கள் வாயில் அது வயல் என்று ஆகிவிட்டது. வயல் போடலாமா என்றால் சாப்பாடு முடிந்தது, குழந்தை தூங்கிவிட்டது, இனி நாம் இருவர்தான் என்று அர்த்தம். தரங்கம்பாடிப் பக்கத்து ஆள், வயலைப் பார்த்து வளர்ந்தவர், ஆனாலும் வயல் என்ற சொல்லைக் கேட்டால் வேதரத்தினத்துக்கு இன்றைக்கும் நெல் ஞாபகம் வருவதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முழங்கை இடிப்பதும்தான் ஞாபகம் வரும்.

மஞ்சள் வந்துவிட்டது. மஞ்சளும் கருநீலமும். ஒரு விநாடிதான், மறுபடி நின்றுவிட்டது. போச்சு என்று நாற்காலியிலிருந்து எழப்போனார். போகவில்லை, திரையில் இடதுபக்க மேல்மூலையில் பெயர் வந்திருக்கிறது, ஆங்கில எழுத்தில் வயல் என்று. அவள் வைத்த பெயர், அவள் விரல் அடித்த எழுத்து. வேதரத்தினம் அதை வாய்விட்டுப் படித்தார், யாரும் இல்லாத வீட்டில். முதலில் பெயர் வரும், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகுதான் உடம்பு வரும், இதெல்லாம் தெரிந்ததுதானே, தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பயந்தால் எப்படி. மறுபடி சிவப்பு, வெளிர்நீலம், இதோ மஞ்சள், இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஒலி மாறிவிட்டது, கரகரவென்று வறுத்த மிளகாயை அம்மியில் அரைக்கிற மாதிரி. இந்தச் சத்தம் வந்தால் கோதை தொட்டிலில் புரண்டு படுப்பாள், எழமாட்டாள். நல்ல குழந்தை, மற்ற எல்லாச் சத்தத்துக்கும் எழுந்து ஊரைக் கூட்டும், இதற்கு மட்டும் தூங்கும். இப்போது ஹைதராபாத்தில் அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். "இந்த மாசம் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணிட்டு வந்துடணும்ப்பா, கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் ஒங்களத் தனியா விட்டுட்டு எனக்கு இங்க நிம்மதி இல்ல" என்று போனில் உத்தரவு போடுகிறாள். தனியாகவா? இந்திராணி இருக்கிறாளே. அதைச் சொன்னால், அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் என்பாள். அவளுக்கு இந்திராணிதான் அம்மா. மனோன்மணி ஒரு போட்டோ. பெற்றவளின் மடிச்சூடு அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை, அது அவள் குற்றமா.

வால்யூமைத் தொடாதே. தொடக்கூடாது. வால்யூம் சக்கரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, மனோன்மணி நகச்சாயத்தால் வைத்தது, அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் போனாலும் பெட்டி நாடாவைப் படிக்காது, அந்தப் பக்கம் போனாலும் படிக்காது. அவள் எல்லாவற்றுக்கும் ஒரு அடையாளம் வைப்பவள். இவர் அப்படியில்லை, அவசரக்காரர், வயலில் இறங்கினால் நேரே மேலே மேலே என்று போய் வெடித்துச் சாவார். போகிற கட்டத்தைச் சுற்றி நாலு பக்கத்திலும் எத்தனை வெடி இருக்கிறது என்று எண் மட்டும் கீழே வரும். ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று. எத்தனை என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதுதான் அந்த விளையாட்டின் வில்லங்கம். வெடித்த பிறகு வயல் முழுக்க வெடிகள் எங்கெங்கே இருந்தன என்று மொத்தமும் காட்டும், இனிக் காட்டி என்ன பிரயோஜனம். "செத்தப்புறம் படம் காட்டுது பாரு" என்று இவர் ஆத்திரப்படுவார். அவள் சிரிப்பாள். அவள் முறை வந்தால் ஒரு அடி வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பாள், பின்னால் வருவாள், பக்கத்தில் போய் அங்கிருந்து எட்டிப் பார்ப்பாள், சுற்றிக்கொண்டு வருவாள். அவள் நடந்த கட்டமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும், ஆனால் அவள்தான் அக்கரைக்குப் போய்ச் சேருவாள். இதில் கோதை அழுதால் போச்சு. பாதி வயலில் விட்டுவிட்டு எழ வேண்டும், கரண்டு போகும், பெட்டி மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் மத்தியானங்களில் உட்கார்ந்து அந்த விளையாட்டுக்குள்ளே தானாகச் சில வரிகளைச் சேர்த்தாள். நடுவில் நிறுத்தி நாடாவில் ஏற்றிக்கொள்ளலாம், திரும்ப இறக்கினால் எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கலாம், நடந்த தடம் உட்பட. பத்திரிகைக்காரனுக்கே தோன்றாத விஷயம். தோன்றியிருக்காது, அவன் வீட்டில் தொட்டில் இருந்திருக்காது. ஒரே ஒரு நிபந்தனை. நாடாவிலிருந்து இறக்கிய பிறகு ரன் கொடுக்கக் கூடாது. ரன் கொடுத்தால் நடந்ததெல்லாம் அழிந்து புது வயல் வந்துவிடும். கோ டூ என்று சொல்லி அவள் வரியின் எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்தப் பெட்டியில் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை, ஒரு விசையைத் தொட்டால் ஒரு முழு உத்தரவு வந்து விழும், அதுவே வினை. இவர் ஒருமுறை பழக்கதோஷத்தில் ரன் விசையைத் தட்டி, வந்த புது வயலையே அந்த நாடாவில் ஏற்றியும்விட்டார். அக்கரைக்கு ஒரு எட்டில் நின்றிருந்தாள் அவள், போய்விட்டாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவும் இவருக்குத் தைரியம் இல்லை.

ரன் எந்த விசை, கோ டூ எந்த விசை. கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன, கண் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகவே தெரிகிறது, இருந்தாலும் விரல் யார் பேச்சைக் கேட்கும். வேதரத்தினம் வலதுகையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், பரீட்சைக்குப் போகிற பையனைப் போல. நாடா சுற்றுகிறது. இடதுபக்கச் சுருள் இளைத்துக்கொண்டே வருகிறது. அன்றைக்கும் இது இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது, ஏற்றும்போதும் இதே சத்தம்தான், இறக்கும்போதும் இதே சத்தம்தான். வாசலில் ஆட்டோ நின்றது. காய்ச்சல்தான். இரண்டு நாளாக விட்டுவிட்டு வந்த காய்ச்சல், தலைவலி என்று நெற்றியில் துணி கட்டியிருந்தாள், டாக்டர் ஊசி போட்டு அனுப்பிவிடுவார் என்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. கட்டிலில் படுக்காமல் இதன் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். "மனோ, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான்." "ரெண்டே நிமிஷங்க, ஏறிக்கிட்டு இருக்கு." "வந்து ஏத்திக்கக் கூடாதா?" "கரண்டு போனாப் போயிடுமே." பட்டைகள் நின்றதும் நாடாவை எடுத்தாள், டப்பாவில் போட்டாள், இவர் கையில் கொடுத்தாள். "நீங்க தொட்டுடாதீங்க. நான் வந்து முடிச்சுக்கறேன்" என்றாள். கை சுட்டது, அந்தச் சூடு மட்டும் இவருக்கு உள்ளங்கையில் இன்னமும் இருக்கிறது. தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினாள். காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடத்தில் இடம் வேண்டும் என்று யாரோ டிவியையும் பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்தார்கள். யாரென்று தெரியவில்லை. அன்று நடந்த எதுவும் ஒழுங்காக ஞாபகத்தில் இல்லை, இது மட்டும் இருக்கிறது. ஒயரைப் பிடித்து இழுக்காதீங்க என்று தான் கத்தியது ஞாபகம் இருக்கிறது. பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இவன் ஒயரைப் பற்றிப் பேசுகிறானே என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருடமே ஒருநாள் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார். ஒயரை மாட்டினார், நாடாவைப் போட்டார், பிளேயை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. இறங்கினால் இவர் தொட வேண்டியிருக்கும். ஒரு அடி வைத்தால் அது இவர் அடி, அவள் அடி இல்லை. வெடித்தால் தீர்ந்தது. வெடிக்காமல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாலும் தீர்ந்ததுதான். இறக்காமலே வைத்திருந்தால் அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள். அப்படி ஒரு கணக்கு. படித்த மனுஷன் போடுகிற கணக்கா இது என்று தனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அந்தக் கணக்கில்தான் இத்தனை வருடமும் ஓடின. அந்த அடாப்டர் செத்தது, பெட்டி பரணுக்குப் போனது. கோதைக்கு ஒரு தாய் வேண்டும் என்று அக்கா தம்பிகள் எல்லாம் கூடிப் பேசி இந்திராணியைக் கட்டிவைத்தார்கள். இந்திராணி வந்த முதல் ஆடியிலேயே மனோன்மணியின் போட்டோ முன்னால் இலை போட்டு, புதுச்சேலை வைத்து, விளக்கேற்றி, மூத்தவளுக்குப் படைக்கிற முறையை யாரும் சொல்லாமலே செய்தாள். அக்கா என்றுதான் சொல்வாள். நேரில் பார்க்காத ஒருத்தியை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். "அக்காவுக்கு என்ன கலர்ங்க புடிக்கும்?" என்று அந்த முதல் வருடம் கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் சத்தியமாகத் தெரியவில்லை. எந்த வெடி எந்தப் பக்கம் என்று யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், அது தெரியும், என்ன நிறம் என்று தெரியவில்லை. நீலம் என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து வருடா வருடம் நீலச்சேலை. படைத்த சேலையை இளையவள்தான் கட்ட வேண்டும், ஆக இந்திராணியின் பீரோவைத் திறந்தால் ஒரே நீலம். பச்சை அவளுக்கு நன்றாக இருக்கும் என்று இவருக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது, சொன்னதில்லை. சொன்னால் நீலம் பொய் என்று ஆகிவிடும். இன்று எதிர்த்தெரு வளைகாப்புக்கும் நீலத்தில்தான் போயிருக்கிறாள்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டைக் காலி செய்கிற சாக்கில் நேற்று பரணைச் சுத்தம் செய்தவள், பெட்டி, நாடா, ரெக்கார்டர் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பழைய பெட்டி டிவியையும் பின்கட்டிலிருந்து ஆள் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். "இத என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் பழைய சாமான்காரங்கிட்ட எடுத்துப் போட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். இன்று காலையில் இவர் கடைவீதிக்குப் போய்ப் பெட்டிக்குப் பொருந்துகிற ஒரு அடாப்டர் வாங்கிவந்தார். மத்தியானம் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டே, "எனக்கு வர சாயங்காலம் ஆயிடும். நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றாள். எந்த வேலை? எல்லாம் தெரிந்துதான் போனாளா? இந்தப் பெண்பிள்ளைக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று இவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ராத்திரி காலனி அடங்கியபின் இவர் பரணைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை எத்தனை தடவை பார்த்தாளோ. கோதை சிறுமியாக இருந்தபோது, அம்மா அந்த நாடாவுக்குள் வயலில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று இவர் கதை சொன்னது அடுக்களை வரை கேட்டிருக்குமோ. ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார். உன்னோடு எனக்கு ஒரு குறையும் இல்லை இந்திரா, நீ போடுகிற காபியைவிட நல்ல காபி நான் குடித்ததில்லை, இருந்தாலும் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்குக் காய்ச்சல், அவளை நான் எப்படி விட்டுவிட்டு வருவது. இதைச் சொல்ல முடியுமா ஒரு பெண்டாட்டியிடம். ஏங்குகிறேன் என்ற சொல்லை வேதரத்தினம் வாழ்க்கையில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. ஆனால் ஏங்கினார். காய்கறிக் கடையில் நிற்கும்போது ஏங்கினார், பேரன் மடியில் இருக்கும்போது ஏங்கினார். வெட்கமில்லாமல், இத்தனை வயதில், ஒரு முழங்கை வந்து இடிப்பதற்காக.

சத்தம் நின்றது. பட்டைகள் இல்லை. வெள்ளைத் திரையின் அடியில் எல்லாம் சரி என்று ஒரு வரி. வேதரத்தினம் மூச்சுவிடாமல் அதையே பார்த்தார். இறங்கிவிட்டது. உதிர்ந்தது போக மிச்சம் இருந்ததில் அவள் முழுசாக இருந்திருக்கிறாள். தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தார், மரத்துப் போயிருந்தது, உதறினார். முதலில் வரிகளை வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் அவள் சேர்த்த வரிகள் தனியாகத் தெரிந்தன, அவளுடைய எண்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு, பின்னால் எதையாவது சேர்க்க வேண்டி வந்தால் என்று. இப்போதே ஒரு உத்தரவு கொடுத்தால் வெடிகள் எங்கே என்று பெட்டி ஒப்பித்துவிடும், அந்தக் குறுக்குவழி இவருக்குத் தெரியும். வேண்டாம். அவளுக்குத் தெரியாததைத் தான் தெரிந்துகொண்டு எதற்கு. இடதுகையால் வலதுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோ டூ விசையைத் தேடி, சரிதானா என்று இரண்டு முறை படித்து, அழுத்தினார். திரையில் கோ டூ என்றுதான் விழுந்தது. எண்ணை அடித்தார். திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. பிறகு கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழே, வயல் வரத் தொடங்கியது.

தடம் இருந்தது. கீழ்வரிசையின் நடுவில் தொடங்கி, வலப்பக்கம் போய், ஏறி, திரும்பி, ஒரு இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, மறுபடி ஏறி, வெளுத்த கட்டங்களாக அவள் நடந்த வழி. அதன் நுனியில் ஆள் என்று வைத்துக்கொண்ட அந்தக் குட்டி உருவம். அக்கரைக்குப் பக்கத்தில் நிற்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார், ஒன்றிரண்டு எட்டு பாக்கி, காய்ச்சல் மட்டும் வராமல் இருந்திருந்தால் முடித்துவிட்டு எழுந்திருப்பாள் என்று. இல்லை. சரியாக நடுவயலில் நின்றாள். கீழே இரண்டு என்று எண். பின்னால் அவள் வந்த கட்டம், அது போக மூன்று பக்கம், மூன்றில் இரண்டில் வெடி. எந்த இரண்டு என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறாள், சுற்றியும் தெரியவில்லை. நெற்றியில் கட்டிய துணியோடு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள், இவர் ஆட்டோவுக்கும் கூடத்துக்குமாக நடந்தபோது. மாட்டிக்கொண்டுதான் நின்றாள். வேதரத்தினம் ஒவ்வொரு எண்ணாக யோசித்துப் பார்த்தார், அவளுக்கே கிடைக்காதது இவருக்கா கிடைக்கும். இடது, வலது, மேலே. மேலே, இடது, வலது. யோசனை அந்த மூன்று கட்டத்தையும் தொட்டுத் தொட்டுத் திரும்பி வந்தது. வெளியே கேட் கிரீச்சிட்டதும், வளையல் சத்தம் படியேறி வந்ததும் காதில் விழுந்தும் இவருக்கு எழத் தோன்றவில்லை.

"சோறு குடுத்து விட்டாங்க, சூடு ஆறுறதுக்குள்ள நீங்க சாப்பிடட்டுமேன்னு சீக்கிரமே வந்துட்டேன்" என்றபடி உள்ளே வந்த இந்திராணி, பொட்டலங்களை வைக்க மேசையில் இடம் தேடினாள். பிறகுதான் திரையைப் பார்த்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல், வளைகாப்பில் போட்டுவிட்டது. அவள் அசையாமல் நின்றதில் அவை ஓய்ந்தன.

"வந்துடுச்சா?"

"ம்."

"அக்கா எங்க?"

அவர் விரலால் காட்டினார். கண்ணாடித் திரையைத் தொடாமல், கொஞ்சம் எட்டவே வைத்து. இந்திராணி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். சின்னதிலும் சின்னதான அந்த உருவத்தைப் போட்டோவைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

"இப்படியா நின்னுக்கிட்டு இருந்தாங்க, இத்தன வருஷமா?"

அவளுக்கும் திரை நன்றாகத் தெரியும்படி அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"முன்னால போக வழி இருக்கா?"

"மூணு பக்கம் இருக்கு. ரெண்டுல வெடி. எந்த ரெண்டுன்னு தெரியல. அவளுக்கும் தெரியல."

"பின்னால?"

"பின்னால ஒண்ணும் இல்ல. அவ நடந்து வந்த வழி."

"அப்புறம் என்னங்க? கூட்டிக்கிட்டு வாங்க."

வேதரத்தினம் திரும்பிப் பார்த்தார். "இதுல அப்படி யாரும் வெளையாட மாட்டாங்க இந்திரா. மேல போறதுதான் ஆட்டம்."

"இப்ப யாருங்க வெளையாடறா?" என்றாள் இந்திராணி. கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஒடம்பு சரியில்லாதவங்க. நடுக்காட்டுல எவ்வளவு நேரம் நிப்பாங்க. கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் கீழே போகிற விசையில் விரலை வைத்தார். ரப்பர் இறுகிப் போயிருந்தது, அழுத்தித்தான் தள்ள வேண்டியிருந்தது. உருவம் ஒரு கட்டம் இறங்கியது. எண் மாறி ஒன்று என்று வந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை, வெடிக்காது என்று தெரிந்தும் விரலை உடனே எடுத்துவிட்டார். இன்னொரு கட்டம். அவள் வந்த வழியேதான் போனார், ஒரு கட்டமும் தாண்டவில்லை. அவள் சுற்றிய இடத்தில் தானும் சுற்றினார். "குறுக்கால போயிடலாம் போலிருக்கே?" என்றாள் இந்திராணி. "அவ இப்படித்தான் வந்தா" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்திருந்த அவள் கை எப்போது இவர் தோளுக்கு வந்ததென்று தெரியவில்லை. "மெதுவா" என்றாள். "மெதுவா கூட்டிக்கிட்டு வாங்க." இங்கே எட்டிப் பார்த்திருக்கிறாள், பின்வாங்கியிருக்கிறாள். இங்கே தைரியமாக நாலு எட்டு நேராக வைத்திருக்கிறாள், ஏதோ பிடிபட்டிருக்கிறது, அப்போது நிச்சயம் சிரித்திருப்பாள். இந்த மூலையில் கோதை அழுதிருப்பாளோ. இவர் பார்க்காத ஒரு மத்தியானம் முழுவதும் கட்டம் கட்டமாக அங்கே கிடந்தது, இவர் அதன் வழியாக அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார், இந்த ஜென்மத்தில் இதற்குமேல் ஒரு நெருக்கம் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்து, ஒவ்வொரு அடிக்கும் நின்று, நின்று. ஆனாலும் வழி குறைந்துகொண்டேதான் வந்தது. கீழ்வரிசை வந்தது. இடப்பக்கம் நாலைந்து கட்டம். கடைசிக் கட்டம், அவள் முதலில் காலெடுத்து வைத்த இடம். எண் பூஜ்யம் என்று வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. ஜெயித்தாய் என்றும் சொல்லவில்லை, தோற்றாய் என்றும் சொல்லவில்லை. இப்படித் திரும்பி வருகிறவளுக்கு என்ன சொல்வதென்று அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. உருவம் வாசலில் நின்றது, சுற்றிலும் ஒரு வெடியும் இல்லாமல்.

தான் இப்போது அழப்போகிறோம் என்று வேதரத்தினம் நினைத்தார். இத்தனை வருடமாக எதிர்பார்த்திருந்த அழுகை, வந்தால் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சத்தம் பின்னாலிருந்து வந்தது. இந்திராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், தேம்பித் தேம்பி, குழந்தை மாதிரி, தோள் குலுங்க. இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை. என்ன இந்திரா, என்னம்மா என்றார். "அக்கா வந்துட்டாங்கல்ல" என்றாள் அவள். "இனிமே நீங்களும் வந்துருவீங்கல்ல?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, முழங்கால் வலியோடு மெல்ல இறங்கி, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.